கை நடுங்கும் வேளையில் சர்க்கரையே மருந்து

"சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை கொடுக்கலாமா, டாக்டர்?" நோயாளியுடன் வரும் குடும்பத்தினர் எங்களிடம் தயக்கத்துடன் கேட்கும் கேள்வி இது. அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து இனிப்பு வேண்டாம், சீனி வேண்டாம், பழச்சாறு வேண்டாம் என்றே கேட்டுவந்த வீடு அது. ஆனால், கை நடுங்கி, உடல் வியர்த்து, நெஞ்சு படபடத்து, கண் இருண்டுவரும் சில நிமிடங்களில் அந்த விதி தலைகீழாக மாறுகிறது. அப்போது சீனிதான் மருந்து. அதை எவ்வளவு, எந்த வடிவில், எப்போது தர வேண்டும் என்பதை நோயாளியும் அவருக்கு அருகில் இருப்பவரும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடலில் என்ன நிகழ்கிறது?

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் எந்த நேரத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸின் மொத்த எடை சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி சீனியின் அளவு. இவ்வளவு சிறிய இருப்பை வைத்துக்கொண்டுதான் மூளை இடைவிடாமல் வேலை செய்கிறது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டைப் பயன்படுத்திக்கொள்கிறது. தனக்கெனப் பெரிய சேமிப்பு எதையும் அது வைத்திருப்பதில்லை. இரத்தத்தில் குளுக்கோஸ் குறைந்தால் முதலில் தவிப்பது அதுவே.

இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். அப்போது உடல் அட்ரினலின் முதலிய ஹார்மோன்களைச் சுரந்து எச்சரிக்கை மணி அடிக்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி ஆகியவை அந்த மணியோசைகள். அளவு 54-க்கும் கீழே போனால் மூளையே தடுமாறத் தொடங்கும். பேச்சு குழறும், பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், அமைதியானவர் காரணமின்றிக் கோபப்படுவார், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்வார். அதற்கும் மேல் போனால் வலிப்பும் நினைவிழப்பும் வரும்.

இந்த இரண்டாம் நிலையில் ஒரு பெருந்துன்பம் நேர்வதுண்டு. பேருந்து நிலையத்திலோ சாலையோரத்திலோ தள்ளாடி உட்கார்ந்திருப்பவரைக் குடித்தவர் என்று எண்ணி மக்கள் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். வியர்த்துக் குழறும் ஒருவரைக் கண்டால், "உங்களுக்குச் சுகர் உண்டா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும். உண்மையிலேயே மது அருந்தியவராக இருந்தாலும் அந்தக் கேள்வி வீணன்று. வெறும் வயிற்றில் குடித்த மது, கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் உருவாக்குவதைத் தடுத்து, சர்க்கரையை மேலும் தாழ்த்திவிடும்.

உடனே எதைத் தருவது?

உலகெங்கும் மருத்துவர்கள் கற்பிக்கும் எளிய விதி ஒன்று உண்டு: 15 கிராம் விரைவுச் சர்க்கரை, 15 நிமிடம் காத்திருப்பு, மீண்டும் பரிசோதனை. குளுக்கோமீட்டர் கையில் இருந்தால் முதலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மீட்டர் இல்லையென்றால் அதைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். அறிகுறி இருந்தாலே சர்க்கரையைத் தந்துவிடலாம். தாழ்சர்க்கரை இல்லாதவருக்கு மூன்று தேக்கரண்டி சீனி தருவதால் பெருங்கேடு விளையாது. தாழ்சர்க்கரை உள்ளவருக்குத் தராமல் இருந்தால் விளையும்.

கீழே உள்ளவற்றுள் ஏதேனும் ஒன்று ஏறக்குறைய 15 கிராம் ஆகும்:

• மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடி, 3 தேக்கரண்டி, அரை டம்ளர் நீரில் கரைத்தது.
• சீனி, 3 தேக்கரண்டி, அரை டம்ளர் நீரில் கரைத்தது.
• தேன், 3 தேக்கரண்டி.
• இனிப்புள்ள பழச்சாறு அல்லது பொட்டலத்தில் விற்கும் மாம்பழச் சாறு, 150 மில்லி.
• சாதாரணக் குளிர்பானம், 150 மில்லி. 'டயட்', 'ஜீரோ' என்று அச்சிட்டவற்றில் சர்க்கரை இல்லை, அவை பயன்படா.

இவற்றுள் முதலிடம் குளுக்கோஸ் பொடிக்கே. அதைச் செரிக்க வேண்டிய வேலை உடலுக்கு இல்லை; குடலிலிருந்து நேராக இரத்தத்துக்குச் சென்றுவிடும். சீனி அப்படியன்று. அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிந்த பிறகே உட்கிரகிக்கப்படும். பெரும்பாலோருக்கு இந்த வேறுபாடு பொருட்டன்று. ஆனால் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்த மாத்திரை உட்கொள்வோருக்கு இது மிக முக்கியம். சீனியையும் மாவுச்சத்தையும் பிரிக்கும் நொதிகளைத் தடுப்பதே அம்மருந்துகளின் பணி. ஆகவே அவர்களுக்குச் சீனித் தண்ணீர் தந்தால் நடுக்கம் எதிர்பார்த்த வேகத்தில் அடங்காது. குளுக்கோஸ் பொடியையே தர வேண்டும். கிளிமெபிரைட், மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் சேர்ந்து விற்கப்படுகின்றன. உங்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தை இன்றே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சிறுநீரக நோயினால் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களும் பழச்சாற்றையும் இளநீரையும் தவிர்த்துக் குளுக்கோஸ் பொடியைப் பயன்படுத்துவதே நலம். சிறுவர்களுக்கு 15 கிராமுக்கும் குறைவாகவே தேவைப்படும். அவர்களுக்கான அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வேளையில் உதவாதவை

நல்லெண்ணத்துடன் தரப்படும் பல உணவுகள் அந்த நேரத்துக்குப் பொருந்துவதில்லை. பிஸ்கட், ரொட்டி, இட்லி முதலியவற்றில் இருப்பது மாவுச்சத்து. அது சர்க்கரையாக மாற நேரம் பிடிக்கும். சாக்லேட், கடலை மிட்டாய், பால்கோவா ஆகியவை இனிப்பாக இருந்தாலும், அவற்றிலுள்ள கொழுப்பு வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். முட்டையும் சுண்டலும் நல்ல புரத உணவுகள். ஆனால் தாழ்ந்த சர்க்கரையை உயர்த்தும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. சூடான தேநீரை விரைந்து குடிக்க முடியாது. கடையில் போடும் சீனியின் அளவும் போதாமல் போகலாம்.

ஓ.ஆர்.எஸ். கரைசல் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கினால் நீர் இழந்தவருக்கு அது அருமருந்து. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஒரு லிட்டர் கரைசலில் இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. 200 மில்லி டம்ளர் ஒன்றில் 3 கிராம்கூட இராது. தாழ்சர்க்கரைக்கு அதை நம்பியிருக்கக் கூடாது. மோருக்கும் இளநீருக்கும் இதே கூற்று பொருந்தும்.

நம் பகுதியின் ராகிக் களியும் இந்தப் பட்டியலில்தான் வரும். களி மெதுவாகச் செரிக்கும் உணவு, ஆபத்துக்குக் கைகொடுக்காது. அடுத்த வேளை உணவாக அதை அளவோடு உண்ணலாம். ராகி சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கையும் சரியன்று. 100 கிராம் ராகியில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்தே.

15 நிமிடத்துக்குப் பிறகு

சர்க்கரை தந்தபின் நோயாளியை உட்காரவைத்து 15 நிமிடம் பொறுத்திருங்கள். இந்தக் காத்திருப்பு பலருக்குக் கடினம். நடுக்கம் உடனே அடங்காததால் பயந்து, கையில் கிடைத்த இனிப்பையெல்லாம் உண்டுவிட்டால், சில மணி நேரத்தில் சர்க்கரை 300-ஐத் தாண்டி நிற்கும். பிறகு அதைக் குறைக்கக் கூடுதல் மருந்து போட்டு, மீண்டும் தாழ்சர்க்கரைக்கு ஆளாவோரும் உண்டு. எனவே 15 நிமிடம் கழித்துப் பரிசோதியுங்கள். அப்போதும் 70-க்குக் கீழே இருந்தால் இன்னுமொரு 15 கிராம் கொடுங்கள். இரண்டாம் முறைக்குப் பிறகும் ஏறவில்லையென்றால் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

பரிசோதிக்கும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்க மறவாதீர்கள். மாம்பழம் நறுக்கிய விரலிலோ சீனி அள்ளிய விரலிலோ குத்திப் பார்த்தால் மீட்டர் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். மாங்கூழ் ஆலைகளில் பணிபுரிவோர் இதைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும்.

சர்க்கரை 70-க்கு மேல் ஏறியதும் கதை முடிந்துவிடவில்லை. குளுக்கோஸின் பயன் விரைவில் தீர்ந்துவிடும். ஆனால் சர்க்கரையைத் தாழ்த்திய மாத்திரையோ இன்சுலினோ இன்னும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும். அடுத்த வேளை உணவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு இட்லியோ, ஒரு சிறு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலுமோ, ஒரு கிண்ணம் ராகிக் கஞ்சியோ உண்ண வேண்டும். விரைவுச் சர்க்கரை தீயை அணைப்பது. இந்த உணவு அது மீண்டும் பற்றாமல் காப்பது.

நினைவு தப்பிவிட்டால்

மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சீனித் தண்ணீரும் கூடாது. விழுங்க இயலாதவரின் வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் சென்று மூச்சை அடைக்கும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று பாருங்கள், 108-ஐ அழையுங்கள். ஓசூரிலிருந்து வேலைக்காக எல்லையைக் கடந்து அத்திப்பள்ளிப் பக்கம் போயிருந்தாலும் இதே எண்தான். இன்சுலின் போட்டுக்கொள்வோருக்குக் குளுககான் ஊசி பரிந்துரைக்கப்பட்டிருந்தால், பயிற்சி பெற்ற குடும்பத்தினர் அதைப் போடலாம்.

மருத்துவமனையில் சிரை வழியாக டெக்ஸ்ட்ரோஸ் செலுத்தியதும் பலர் சில நிமிடங்களில் கண் விழித்துப் பேசத் தொடங்குவார்கள். "நன்றாகிவிட்டாரே, அழைத்துப் போகலாமா?" என்று அப்போதே குடும்பத்தினர் கேட்பார்கள். கிளிமெபிரைட், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் வந்த தாழ்சர்க்கரை சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடியது. முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் மருந்து உடலைவிட்டு வெளியேறுவது தாமதமாகும். ஒரு நாளோ அதற்கு மேலோ தங்கவைத்துக் கண்காணிக்கச் சொன்னால், காரணம் இதுதான்.

கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை போடாதீர்கள்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்கு இந்தப் பகுதி மிகவும் வேண்டியது. இங்கே பலருடைய நாள் காலை, பிற்பகல், இரவு என்று மூன்று ஷிப்டுகளால் ஆனது. காலை 6 மணி ஷிப்டுக்குப் போகிறவர் 5 மணிக்கெல்லாம் கம்பெனிப் பேருந்துக்காகச் சாலையில் நிற்கிறார். 'காலையில் ஒன்று' என்று சீட்டில் இருப்பதால் புறப்படும்போதே மாத்திரையை விழுங்கிவிடுகிறார். கேன்டீனில் சிற்றுண்டி கிடைக்க 8 மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. இடைப்பட்ட மூன்று மணி நேரமும் மாத்திரை வேலை செய்கிறது. உடலும் இயந்திரத்தின் முன் வேலை செய்கிறது. வயிறு மட்டும் வெறுமையாக இருக்கிறது. நடுக்கம் வருவதில் வியப்பில்லை.

இதற்கு வழி எளிது. கிளிமெபிரைட் போன்ற மாத்திரைகள் காலை நேரத்துக்கு உரியவை அல்ல. காலை உணவுக்கு உரியவை. மாத்திரையைச் சட்டைப்பையில் எடுத்துச் சென்று, கேன்டீனில் தட்டு கைக்கு வந்தபின் போடுங்கள். இரவு ஷிப்டில் பகலெல்லாம் உறங்கி மாலையில் முதல் வேளை உண்பவருக்கு மருந்து நேரமும் அதற்கேற்ப மாற வேண்டும். ஷிப்டு மாறும் வாரத்தில் எந்த மருந்தை எப்போது போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் இதைத் தாமாக மாற்றவே கூடாது.

ஓவர்டைம், பளு தூக்கும் வேலை, பண்டிகை விரதம், ரமலான் நோன்பு, காய்ச்சலில் சாப்பிடாமல் கிடப்பது ஆகிய எல்லாமே சர்க்கரையைத் தாழ்த்தும் சூழல்கள். கடும் உழைப்பின் விளைவு அன்றிரவுகூடத் தெரியலாம். இரவில் உடை நனைய வியர்ப்பதும், கெட்ட கனவுகளும், காலையில் தலைவலியுடன் எழுவதும் உறக்கத்தில் வந்துபோன தாழ்சர்க்கரையின் தடயங்களாக இருக்கலாம். நோய் தெரியவந்ததும் சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மாத்திரையை மட்டும் பழைய அளவில் தொடர்வோரும் இதே ஆபத்தில் இருக்கிறார்கள். உணவு குறைந்தால் மருந்தும் குறைய வேண்டியிருக்கலாம். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இருசக்கர வாகனத்திலோ நெடுஞ்சாலையில் லாரியிலோ செல்பவர்கள், புறப்படும் முன் சர்க்கரை 90-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் நடுக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டிச் சர்க்கரை உட்கொள்ளுங்கள். அளவு சீரானபின்னும் முக்கால் மணி நேரம் கழித்தே மீண்டும் ஓட்டுங்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறிய பிறகும் மூளை தெளிவடையச் சற்று நேரம் தேவை.

எந்த மருந்துகளில் இந்த ஆபத்து?

இன்சுலின், மற்றும் கிளிமெபிரைட், கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய மாத்திரைகள் தாழ்சர்க்கரையை உண்டாக்கக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவருக்கு இது அரிது. இதய நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மருந்து உட்கொள்வோருக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். அவர்களுக்கு வியர்வையே முதன்மையான அடையாளம். அடிக்கடி தாழ்சர்க்கரைக்கு ஆளாகிறவர்களுக்கும் எச்சரிக்கை அறிகுறிகள் மெல்ல மங்கிவிடும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மாத்திரைகள் வீடு தேடி வருவது பெரும் நன்மை. அவற்றைத் தர வருபவரிடம், "இது சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும் மாத்திரையா? உணவுக்கு முன்பா, பின்பா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

எல்லா மயக்கமும் சர்க்கரைக் குறைவன்று

தலை கிறுகிறுத்து நடுக்கம் வந்தவர் மீட்டரில் பார்த்து 140 என்று கண்டால், காரணம் வேறு. படுக்கையிலிருந்து எழும்போது மட்டும் கண் இருண்டால் இரத்த அழுத்தம் தாழ்வது காரணமாகலாம். சூடான உலையருகே வேலை செய்து வியர்த்தவருக்குத் தேவை நீரும் உப்பும், ஓ.ஆர்.எஸ். அவருக்குத்தான் உரியது. படியேறினால் மூச்சு வாங்கி, எப்போதும் சோர்வாக இருக்கும் பெண்களுக்கு இரத்தசோகை உண்டா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோயே இல்லாதவர் காலை உணவைத் தவிர்த்து, வெறும் தேநீரில் பொழுதைக் கழித்து நடுங்கினால், அவருக்கு மருந்து நேரத்துக்கு உண்ணும் உணவே. நன்றாக உண்டும் நடுக்கம் தொடர்ந்தால் பரிசோதனை அவசியம்.

நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, முகம் கோணுதல், திடீர்ப் பேச்சுக் குழறல் ஆகியவை இருந்தால் சீனியோடு நின்றுவிடாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மாரடைப்பும் பக்கவாதமும் காத்திருக்கத் தகுந்தவை அல்ல.

நூறாண்டுப் பழைய பாடம்

1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அம்மருந்தைத் தூய்மைப்படுத்திய ஜேம்ஸ் காலிப், அந்த நாட்களில் முயல்களுக்கு அதைச் செலுத்தி ஆராய்ந்தபோது, அளவு மிகுந்த முயல்கள் வலிப்பு கண்டு வீழ்ந்தன. குளுக்கோஸ் கொடுத்ததும் மீண்டெழுந்தன. மருந்து பிறந்தபோதே அதன் ஆபத்தும், அந்த ஆபத்துக்கான மாற்றும் தெரிந்துவிட்டன. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயுள்ளோர் 10.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. அவர்களுள் இன்சுலினோ மேற்சொன்ன மாத்திரைகளோ உட்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் அந்த மாற்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே வீட்டில் இன்றே சிலவற்றைச் செய்துவையுங்கள். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைச் சிறு பொட்டலமாகக் கட்டி, சட்டைப்பையில் ஒன்று, வண்டியில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று என வையுங்கள். பெயர், நோய், மருந்துகள், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். உடன் வேலை செய்பவர் ஒருவரிடமும், விடுதியில் தங்குவோர் அறைத் தோழரிடமும் இந்த நோயையும் பொட்டலம் இருக்கும் இடத்தையும் சொல்லிவையுங்கள். பக்கத்தில் இருப்பவர் தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசுபவராக இருந்தால், அவருக்குப் புரியும் மொழியிலேயே சொல்லுங்கள்.

ஒவ்வொரு தாழ்சர்க்கரையையும் நாள், நேரம், மீட்டர் காட்டிய எண், அதற்கு முன் உண்டது, செய்த வேலை ஆகியவற்றுடன் குறித்துவைத்து, அடுத்த முறை வரும்போது அந்தக் குறிப்பைக் கொண்டுவாருங்கள். ஒரே வாரத்தில் இரண்டு முறை வந்தாலோ, பிறர் உதவியின்றி மீள முடியாத அளவுக்கு ஒரே ஒரு முறை வந்தாலோ, குறித்த தேதிவரை காத்திராமல் உடனே வாருங்கள். பெரும்பாலும் மருந்தின் அளவையோ நேரத்தையோ சற்று மாற்றினாலே போதும். அந்த நடுக்கம் திரும்ப வராமல் தடுத்துவிடலாம்.